பின் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

ஆணிக்கடைக்காரர் வாயிலிருந்து வரும் முதல் எண்ணை எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. நம்பினால் அவருக்கே மனசு சங்கடப்படும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கதவுக்கீல் விலை கேட்டார். இவர் வழக்கம்போல ஏற்றிச் சொன்னார். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் பணத்தை வைத்துவிட்டுக் கீலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். இவருக்கு நிலைகொள்ளவில்லை. "ஒரு வார்த்தை பேசலையே, என்ன மனுஷன் அவன்?" என்று எதிரே பெயிண்ட் கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் புலம்பினார். கடைசியில் ஒரு பிடி ஆணியைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு பஸ் நிலையம்வரை ஓடி, அந்த ஆளைப் பிடித்துக் கையில் திணித்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

விலையில் ஏற்றுவார், எடையில் இறக்கமாட்டார். அதுதான் அவர் தொழில் நெறி. தராசு சமமாக நின்ற பிறகும் ஒரு பிடி கொசுறு விழுந்தால்தான் பொட்டலம் கட்டுவார்.

கடைப் பழக்கம் மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளும் போய்விட்டிருந்தது. எட்டு மணிக் கல்யாணத்துக்கு மனைவியிடம் ஆறு மணி என்பார். மனைவி அதை ஏழரை என்று எடுத்துக்கொள்வார். டாக்டர் காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் இரண்டு டிகிரி சேர்த்துச் சொல்வார், டாக்டர் எப்படியும் குறைப்பார் என்ற நினைப்பில். மகள் இந்தக் காற்றிலேயே வளர்ந்தவள். அப்பா சொல்லும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்து மிச்சத்தை எடுத்துக்கொள்வது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசிக்கவே வேண்டியதில்லை.

முன்னால் கடை, நடுவில் கிடங்கு, மேலே வீடு. கிடங்கில் எப்போதும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. கம்பிச் சுருள்களை உருட்டி இறக்குவது, மூட்டை பிரித்து ஆணிகளை நீளவாரியாகப் பெட்டியில் கொட்டுவது, சங்கிலியை முழம் பார்த்து வெட்டுவது எல்லாம் மகள்தான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே அது எந்த ஆணி என்று சொல்வாள். கம்பி இழுத்து இழுத்து அவள் மணிக்கட்டு முறுக்கேறியிருந்தது. அந்த மணிக்கட்டை அவள் வேறொன்றுக்காக வளர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது, சிவப்பு நிறத்தில் அந்த ஸ்போர்ட்ஸ் பைக் கிடங்குக்குள் வந்து நின்ற அன்றுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. பழைய வண்டிதான். அவள் சொந்தக் காசில், மாமனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாங்கியது.

ஆணிக்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். "இது உட்கார்ந்து ஓட்டற வண்டியா, படுத்து ஓட்டற வண்டியா?"

"ரெண்டும்தான் அத்தான்," என்றார் மாமா. அவர் கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி, கடையின் வேன் ஓட்டுபவர், எந்தச் சண்டையிலும் யார் பக்கம் சாப்பாடு நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பவர்.

வண்டி வந்த பிறகுதான் விஷயமும் வந்தது. நகரத்துக்கு வெளியே பந்தய டிராக் ஒன்று இருக்கிறது. அங்கே டயர் கம்பெனி ஒன்று தன் புது டயர்களை ஓட்டிப் பார்க்க ஆள் எடுக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு. அவர்கள் குறித்து வைத்த நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்க வேண்டும். முடித்தால் வேலை.

ஆணிக்கடைக்காரருக்கு வேறு திட்டம் இருந்தது. அடுத்த தெருவில் இரண்டாவது கடை திறக்க இடம் பிடித்து, பலகைக்கு என்னிடம் பெயிண்ட்கூட வாங்கியாகிவிட்டது. அதில் மகள் உட்கார வேண்டும். இரண்டு ஆசைகளும் ஒரே மேசையில் சந்தித்தால் அந்த வீட்டில் என்ன நடக்குமோ அது நடந்தது.

"நீ தோத்தா வண்டிய வித்துடணும். புதுக் கடையில அஞ்சு வருஷம் உட்காரணும்," என்றார் அப்பா.

"வண்டிய விக்கமாட்டேன். ஒரு மாசம் உட்கார்றேன்."

"நாலு வருஷம். வண்டிய வித்தாகணும்."

"ஆறு மாசம். வண்டி கிடங்குலயே நிக்கட்டும், ஓட்டல."

"நிக்கற வண்டிக்கு வாடகை யாரு குடுப்பா? என் கம்பிச் சுருள் தெருவுல கிடக்கு."

அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு வருஷம். வண்டிய வித்துடணும். ஜெயிச்சா அவ போவா, நீங்க வாயே திறக்கக் கூடாது. போதும், சாப்பிடுங்க."

இருவரும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கை கொடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் கை கொடுத்துவிட்டால் பத்திரம் எழுதின மாதிரி. மகள் சிரித்துக்கொண்டுதான் கை கொடுத்தாள். பிறகு கிடங்குக்குள் வந்து வண்டியின் டேங்க்கைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள் என்று மாமா என்னிடம் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் ஒரே பேச்சு, டயருக்கு எத்தனை பவுண்டு காற்று என்பதுதான். நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வியாபாரமும் மந்தம், வெயிலும் அப்படி.

"வண்டி ஸ்டிக்கர்லயே போட்டிருக்கான். பின்னாடி நாப்பத்திரண்டு," என்றார் ஆணிக்கடைக்காரர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு. "இவ என்னடான்னா இருபத்தொன்பது போதும்ங்கறா."

"அது ரோட்டுக்குப்பா. ரெண்டு பேர் உட்கார்ந்து, பை மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறதுக்கு."

"சரி, நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கான்னா அவன் மனசுல முப்பத்தெட்டு இருக்கும்."

"அவன் வியாபாரி இல்லப்பா. இன்ஜினியர்."

"வண்டிய விக்கறானா, இல்லையா?"

மாமா குனிந்து ஸ்டிக்கரை இன்னொரு தடவை படித்தார்.

மகள் பொறுமையாக விளக்கினாள். டிராக்கில் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டும்போது டயர் கொதிக்கும். டயர் கொதித்தால் உள்ளே காற்று விரியும், அளவு ஏறும். அதனால் ஆறியிருக்கும்போது குறைத்து வைத்தால்தான், சூடேறியதும் வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கும். "சூடா இருக்கும்போது பின்னாடி முப்பத்துமூணு. அதுதான் எனக்குக் கணக்கு. அதுக்கு மேல போனா டயர் உருண்டையா உப்பிக்கும். தரையில படற இடம் சுருங்கிடும். வளைவுல பின்பக்கம் வழுக்கும்."

"அப்ப இன்னும் குறைச்சுக்க வேண்டியதுதானே?" என்றார் மாமா.

"ரொம்பக் குறைச்சா தொளதொளன்னு ஆடும் மாமா. திருப்பினா திரும்பாது. டயரும் வெந்து போயிடும்."

"மொத்தத்துல உப்பவும் கூடாது, தொங்கவும் கூடாது," என்றார் மாமா, தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு. "எங்கிட்ட யாரும் இதச் சொல்லலையே."

அம்மாவுக்கு வேறு கவலை. "உலகத்துலயே சும்மா கிடைக்கறது காத்து ஒண்ணுதான். அதையும் எதுக்குக் குறைச்சு வாங்கணும்னு எனக்குப் புரியல."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பின் டயருக்கு இருபத்தொன்பது வைத்துவிட்டு, சாக்கைப் போர்த்திவிட்டுப் போனாள். காலையில் காற்றளவு காட்டும் கேஜை வைத்துப் பார்த்தால் முப்பத்திரண்டு. தப்பாக வைத்துவிட்டோமோ என்று இறக்கிவிட்டாள். மறுநாள் காலையிலும் முப்பத்திரண்டு.

"கிடங்கு சூடா இருக்குமோ?" என்றார் மாமா.

"ராத்திரியிலயா மாமா?"

"கேஜ் கெட்டுப் போயிருக்கும்."

கேஜை எடுத்துக்கொண்டு மூலையில் இருக்கும் டயர்க்கடைக்குப் போனார்கள். டயர்க்கடைக்காரர் தன் கேஜோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "உலகத்துல எல்லா டயரும் இறங்கும். உங்க டயர் ஏறுதா? எனக்கு நாலு கொண்டுவந்து குடுங்க, நான் கடைய மூடிட்டு நிம்மதியா இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை, கேஜைப் பார்க்க நேரமில்லாமல் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் பயிற்சிக்குப் போனாள். நீள வளைவு என்று ஒன்று உண்டு அங்கே. அதில் பின் சக்கரம் சறுக்கென்று வெளியே போய்விட்டது. விழவில்லை, மணிக்கட்டு காப்பாற்றியது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் பிரிக்க வேண்டிய ஆணி மூட்டையைப் பிரித்து, ஒரு பெட்டியில் கொட்ட வேண்டியதை இன்னொன்றில் கொட்டி, மறுபடி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு டயர் மேல நம்பிக்கை போயிடுச்சு," என்றாள் மாமாவிடம். "நேத்து இருபத்தொன்பது வச்சேன். இன்னிக்கு அது என்னவா இருக்கும்னு எனக்கே தெரியல. எவ்வளவு காத்துல நிக்கறோம்னு தெரியாம எப்படிச் சாய்க்கறது? பேசாம புதுக் கடையிலயே உட்கார்ந்துடறேன்."

இதை ஆணிக்கடைக்காரரும் கேட்டார். அவர் விரும்பிய முடிவுதான். ஆனால் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை விடியும் நேரம், கிடங்கில் எலி கத்துகிறது என்று அம்மா விளக்குமாற்றோடு இறங்கி வந்தார். கீச், கீச் என்று ஒரே சீராகக் கத்துகிற எலி. விளக்கைப் போட்டால், பனியனோடு ஆணிக்கடைக்காரர், கால் பம்பை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா, ரெண்டு மிதி."

அம்மா போட்ட சத்தத்தில் மகள் மட்டுமல்ல, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த நானும் எழுந்து வந்துவிட்டேன்.

"தினம் இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தீங்களா?" என்றாள் மகள். படியிலேயே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம்தான். ஒரு கொசுறு." அவர் பம்பை விட்டு இறங்கவில்லை. "கால் கிலோ ஆணி வாங்கறவனுக்கே ஒரு பிடி சேர்த்துப் போடறேன். என் வீட்டுலேருந்து ஒரு சாமான் குறைஞ்ச அளவுல வெளிய போனது கிடையாது. பெத்த பொண்ணு போறா, அவள இருபத்தொன்பதுல அனுப்பறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நான் தோக்கணும்னுதானே பண்ணீங்க?"

அவர் ஆடிப்போய்விட்டார். "தோக்கணும்னு நினைச்சிருந்தா காத்த இறக்கிவிட்டிருக்க மாட்டேனா? யாராவது தோக்கறதுக்கு அள்ளிக் குடுப்பாங்களா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. முழுக்கத் தப்பான நியாயம், ஆனாலும் நியாயம். எனக்குச் சிரிப்பு முட்டியது. மகள் சிரிக்கவில்லை.

"நீங்க அள்ளிக் குடுத்ததுலதான்பா நேத்து வழுக்கினேன்."

அவர் பம்பிலிருந்து காலை எடுத்து, பக்கத்தில் இருந்த ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "அடி பட்டுதா?" என்றார்.

"இல்ல."

"பொய் சொல்லாத."

"இல்லப்பா. நான் என்ன நீங்களா?"

அவர் எழுந்து பம்பை மனைவியின் கையில் கொடுத்தார். "இனிமே காத்துல கை வைக்கமாட்டேன். காத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். கேட்டாலொழிய."

மகள் கேஜை வைத்து, புஸ்ஸென்று காற்றை இறக்கி, இருபத்தொன்பதில் நிறுத்தினாள். டயர் ஏறுகிற மர்மம் தீர்ந்ததும் அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. டயர் நல்ல டயர்தான், அப்பாதான் இப்படி. இரண்டாவது விஷயம் அவளுக்குப் புதிதில்லை. கம்பிச் சுருள் ஒன்றை உருட்டிக்கொண்டே பாட்டு முனகினாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் பைக்கைக் கட்டி ஏற்றி, நாங்கள் ஐந்து பேரும் கிளம்பினோம். அம்மா அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் ஒரு பட்டாளத்துக்குக் கட்டியிருந்தார். டிராக்கில் வெயில் தார்மேல் படுத்து உருண்டுகொண்டிருந்தது. தூரத்தில் தரை தண்ணீர் மாதிரி நெளிந்தது. வண்டி நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்துக்குள் ஓட்டுபவரோடு ஒரு ஆள்தான் போகலாம் என்று வாசலில் நின்றவர் சொன்னார். ஆணிக்கடைக்காரர் நாலு பேர் என்று ஆரம்பித்து, அவரைக் கரைத்து, இரண்டு பேருக்கு முடித்தார். மாமாவும் அவரும் உள்ளே போனார்கள். நானும் அம்மாவும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றோம். அவர்கள் பேசுவது எல்லாம் காதில் விழுந்தது.

தேர்வு இப்படி. முதலில் டயர் சூடேற மூன்று சுற்று. பிறகு உள்ளே வந்து காற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓட்டுபவர் இறங்கக் கூடாது. உடனே வெளியே போய் நேரம் பார்க்கும் சுற்று. டயர் கம்பெனியின் அதிகாரி அம்மா ஒருவர், குட்டை முடி, பெரிய தொப்பி, கையில் கடிகாரத்தோடு மேடையில் நின்றார்.

மகள் முதல் மூன்று சுற்றையும் முடித்துவிட்டு வந்து நின்றாள். மாமா வண்டி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேஜ் ஆணிக்கடைக்காரர் கையில். அவர் குனிந்து, பின் சக்கரத்தில் கேஜை வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவுப்பா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முப்பத்தேழு."

"சரி. கரெக்டா இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னவர் அல்லவா. வண்டி போய்விட்டது. அவர் கேஜையும் போன வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேர்ச் சாலையில் அவள் போன போக்கைப் பார்த்து எனக்குப் பெயிண்ட் வியாபாரத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எல்லாம் கயிறு கட்டி இழுத்த மாதிரி. நீள வளைவில் வண்டி சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருக்கும்போது பின்பக்கம் ஒரு உதறு உதறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. மகள் எப்படியோ வண்டியை நிமிர்த்தி, ஓரப் புல்வரைக்கும் போய், திரும்பி வந்தாள். மேடையில் இருந்த தொப்பிக்கார அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். நேரம் தாண்டிவிட்டது. அதிகமில்லை, ஒரு தும்மல் போடுகிற நேரம்தான்.

வந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியைத் தூக்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"முப்பத்துமூணுல எப்படி வழுக்கும்? வழுக்கவே கூடாதே!"

"முப்பத்துமூணா?" என்றார் அப்பா. "நான் முப்பத்தேழுன்னு சொன்னேனே."

"அதான்பா. முப்பத்துமூணு."

"முப்பத்தேழும்மா. முள்ளு முப்பத்தேழுல நின்னுது."

அவள் அவரையே பார்த்தாள். மாமாவுக்கு முதலில் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் வண்டி சாயப் பார்த்தது.

"முள்ளு காட்டினதையேவா சொன்னீங்க?"

"பின்ன வேற எதச் சொல்வாங்க?"

"அப்பா! எப்பப்பா நீங்க முதல் தடவையே உள்ளதைச் சொல்லியிருக்கீங்க? நீங்க முப்பத்தேழுன்னீங்க. நான் நாலு கழிச்சுட்டு, சரியா வந்துடுச்சுன்னு சந்தோஷமாப் போனேன்!"

"நியாயம்தானே!" என்று வலைக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா கத்தினார். "பொண்ணு பார்க்க வந்தப்ப வயசையே ரெண்டு குறைச்சுச் சொன்ன ஆளு!"

அடுத்த வண்டிக்காரர், அவருடைய ஆள், துடைப்பத்தோடு நின்ற பெண்மணி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆணிக்கடைக்காரர் யாரையும் பார்க்கவில்லை.

"கீலுக்கு ஏத்திச் சொல்வேன்," என்றார், தணிந்த குரலில். "ஆணிக்கு ஏத்திச் சொல்வேன். உன் உசுருக்கு ஏத்திச் சொல்வேனா?"

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தோணலப்பா," என்றாள். "கழிச்சே பழகிடுச்சு."

"அது என் தப்புதான்."

"ஏன் இவ்வளவு ஏறிச்சு? வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஓட்டினப்பல்லாம் முப்பத்துமூணுலதானே நின்னுது."

"நீ ஓட்டினதெல்லாம் காலங்காத்தால," என்றார் மாமா. "இப்ப தார் மேல முட்டை உடைச்சு ஊத்தினா வெந்துடும்."

அவள் வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். விடியலில் வைத்த இருபத்தொன்பதை உச்சி வெயில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது. இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி. அவளுக்கு முன்னால் மூன்று வண்டிகள். வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மா வலையின் கண்ணி வழியாக வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். யாரும் சாப்பிடவில்லை, மாமாவைத் தவிர. ஆணிக்கடைக்காரர் கேஜின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். பார்த்தார். மறுபடி துடைத்தார்.

அவள் முறை வந்தது. மூன்று சுற்று போய்விட்டு வந்து நின்றாள். அவர் குனிந்தார்.

"எவ்வளவுப்பா?"

"முப்பத்தாறரை." உடனே, "சத்தியமா," என்றார்.

"விடுங்க."

"நானா?"

"நீங்கதான். சீக்கிரம்பா, கொடி காட்டறாங்க!"

காற்றில் கை வைக்கமாட்டேன் என்றவர் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்றது. பார்த்தார். முப்பத்தைந்து. மறுபடி அழுத்தினார். கொடுக்கிற கை பழகிப் போனவர், எடுப்பதற்கு அவருக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு புஸ்ஸுக்கும் யாரோ அவர் தராசிலிருந்து ஒரு பிடி ஆணியை அள்ளிக்கொண்டு போவது மாதிரி முகம் போனது. முப்பத்துநாலு. முப்பத்துமூன்றரை.

"போதுமாம்மா? அரைதான்."

"முப்பத்துமூணு."

இன்னொரு சின்னப் புஸ். அவர் நிமிர்ந்தார். "முப்பத்துமூணு. ஒரு பொட்டு கூட இல்ல, ஒரு பொட்டு குறையவும் இல்ல."

அவள் எதையும் கழிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மூடியை இறக்கிக்கொண்டாள்.

நீள வளைவு வரைக்கும் நான் பார்த்தேன். பிறகு அம்மா தன் முகத்துக்கும் என் முகத்துக்கும் முன்னால் முந்தானையைத் தூக்கிக்கொண்டதால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடத்தில் உடைய வேண்டிய சத்தம் உடையாமல், இழுத்த கம்பி மாதிரி நீண்டுகொண்டே போனது. முந்தானை இறங்கியபோது வண்டி கடைசி நேர்ச் சாலையில் இருந்தது. முழங்கால் தரையில் உரசிய புழுதி பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்த தொப்பிக்கார அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் காட்டினார். பிறகு கட்டை விரலைத் தூக்கினார்.

மாமா குதித்த குதியில் வாழைப்பழத் தோல் அவர் காலிலேயே மாட்டி, நல்லவேளை, விழவில்லை. ஆணிக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். கேஜைச் சட்டைப் பைக்குள் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டார்.

தொப்பிக்கார அம்மா இறங்கி வந்து மகளின் கையைக் குலுக்கினார். "அந்த வளைவுல இந்த வெயில்ல யாரும் அப்படிப் பிடிச்சு ஓட்டல. காத்து யாரு பார்த்தது?"

"எங்கப்பா."

"நல்லாப் பார்க்கறார். சரி, எப்ப வேலையில சேர முடியும்?"

மகள் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலை எங்கள் தெருவில் எல்லாரும் அறிவோம், ஆணிக்கடைக் கல்லாவில் தினமும் கேட்பது. "கடையில நிறைய வேலை கிடக்கு மேடம். ஆள் வேற இல்ல. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மாசம்..." என்று இழுத்தாள். பதினைந்து நாளில் முடிக்கப் போகிறாள், கூடவே வண்டிக்குப் பெட்ரோல் செலவும் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலைக்கு இந்தப் பக்கம் அம்மா பெருமையோடு தலையசைத்தார்.

"நாளைக்கே வந்துடுவா," என்றார் ஆணிக்கடைக்காரர்.

"அப்படியா! ரொம்ப நல்லது. காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டுத் தொப்பிக்கார அம்மா அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மகள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பா! நான் பேசிக்கிட்டிருக்கேன்ல?"

"கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன்."

"இன்னிக்கு மத்தியானம் கத்துக்கிட்ட பழக்கம். சாயங்காலத்துக்குள்ள அதை வச்சுக் குடும்பத்தையே கவுத்துட்டாரு," என்றார் அம்மா.

திரும்பும் வழியில் பாதி தூரம்வரை தாயும் மகளும் அவரோடு பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பின்னால் கட்டியிருந்த வண்டி ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாய்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நகர விளக்குகள் தெரிய ஆரம்பித்ததும் மகள் வாய் திறந்தாள்.

"ஏழு மணிக்கு அங்க இருக்கணும்னா விடியறதுக்குள்ள எழுந்திரிக்கணும். நீங்கதான் எழுப்பணும்."

"அஞ்சு மணிக்கு எழுப்பறேன்."

"அஞ்சுன்னா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "அஞ்சுன்னா அஞ்சுதான்," என்றார்.

முன் சீட்டிலிருந்து, திரும்பாமலேயே, அம்மா சொன்னார்: "அஞ்சரைக்கு எழுப்புவாரு. நீ நிம்மதியாத் தூங்கு."